பையில் உருளைக்கிழங்கு: தோட்ட நண்பர்களுக்குள் எடைப்போட்டி நடத்த முழு வழிகாட்டி

தார்ப்பாயின் மேல் பையைக் கவிழ்க்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் மூன்று மாதமாகக் காத்திருக்கிறோம். மண் பொலபொலவென்று சரிகிறது. முதலில் ஒன்றும் தெரிவதில்லை. பிறகு ஓரத்தில் ஒரு மஞ்சள் மினுமினுப்பு, அதன் பக்கத்தில் இன்னொன்று, கையை விட்டுத் துழாவினால் உள்ளங்கையை நிறைக்கும் ஒன்று. சுற்றி நிற்பவர்கள் வாய்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அடுத்த பையும் அதே அளவுதான், அதே நாளில் நட்டதுதான், ஒரே குவியலிலிருந்து எடுத்த விதைதான். கவிழ்த்தால் பாதி கூடத் தேறவில்லை. உடனே எல்லோருக்கும் ஒரே கேள்வி: இவருக்கும் அவருக்கும் எங்கே வேறுபட்டது?

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கிற மாதிரி போட்டியை அமைக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது. ஆளுக்கொரு பை, ஆளுக்கொரு ரகம், ஆளுக்கொரு நாள் என்று நட்டுவிட்டுக் கடைசியில் எடை போட்டால் ஒருவர் ஜெயிப்பார், ஆனால் ஏன் ஜெயித்தார் என்று அவருக்கே தெரியாது. பை, விதை, நாள் மூன்றையும் பொதுவாக்கிவிட்டால் எஞ்சுவது வளர்ப்பவரின் கை மட்டும்தான். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரே பருவத்தில் பத்து விதமாக வளர்த்துப் பார்த்த அனுபவம் கிடைத்துவிடும். தனியாக வளர்ப்பவருக்கு அதற்குப் பத்து வருடம் ஆகும்.

விதிகளை விதைக்கு முன்னால் எழுதுங்கள்

நண்பர்கள்தானே, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். மனஸ்தாபம் வருவதெல்லாம் தராசுக்குப் பக்கத்தில்தான். எழுதி எல்லோரும் படித்த பிறகு தொடங்கினால், அறுவடை நாளில் சிரித்துக்கொண்டே தோற்க முடியும்.

ஒரு பை, ஒரு விதைக்கிழங்கு. இதுதான் எனக்குப் பிடித்த வடிவம். ஒரே பையில் மூன்று நடுபவர்களும் இருக்கிறார்கள். வீட்டுத் தேவைக்கு அது சரி, போட்டிக்கு ஒன்று போதும். ஒரு செடி என்ன செய்தது என்று தெளிவாகத் தெரியும். எல்லோரும் ஒரே நாளில் நட வேண்டும், ஒரே நாளில் செடியை அறுக்க வேண்டும், ஒரே நாளில் கவிழ்க்க வேண்டும். நடுவில் மண்ணைக் கிளறிக் கிழங்கைத் தடவிப் பார்ப்பது கூடாது. ஆர்வத்தில் கை போகும், தெரியும். ஆனால் கிழங்கு தொங்கும் மெல்லிய தண்டு ஒன்று அறுந்தாலும் அந்தக் கிழங்கு அதோடு நின்றுவிடும்.

எதில் போட்டி என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மொத்த எடைக்கு ஒரு பரிசு, தனிக்கிழங்கு எடைக்கு ஒரு பரிசு என்று இரண்டு வைத்தால் சுவாரசியம் கூடும். காரணம், இந்த இரண்டுக்கும் வளர்க்கும் முறையே வேறு. மண்ணுக்குள்ளிருந்து எத்தனை தண்டுகள் கிளம்புகின்றனவோ, பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான் கிழங்கின் எண்ணிக்கை. தண்டு அதிகமானால் கிழங்கு அதிகம், ஆனால் சிறியவை. தனிக்கிழங்குப் பரிசுக்குக் குறி வைப்பவர் முளைகளில் ஒன்றிரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். மொத்த எடைக்குக் குறி வைப்பவர் மூன்று நான்கு தண்டுகளை வரவிடலாம். விதி இதை அனுமதிக்கட்டும். ஒரே விதையை வைத்து ஆளுக்கொரு முடிவு எடுப்பதில்தான் விளையாட்டே இருக்கிறது.

பை

விட்டம் 30 செ.மீ., உயரம் 40 செ.மீ. உள்ள பையில் ஏறத்தாழ 28 லிட்டர் மண் கொள்ளும். ஒரு செடிக்கு இது தாராளம். 15 லிட்டருக்குக் கீழே போனால் தண்ணீர் விடுவதே முழுநேர வேலையாகிவிடும், வெயிலும் வேர் வரை நேராகத் தாக்கும். காற்று புகும் துணிப்பை நல்லது. அது சீக்கிரம் காயும், அதே சமயம் வேர் அழுகாது. பிளாஸ்டிக் பை என்றால் அடியிலும், அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் பக்கவாட்டிலும் துளைகள் இருக்கட்டும். பைக்குள் வெளிச்சம் ஊடுருவக் கூடாது. பையைத் தலைக்கு மேல் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே மங்கலாக வெளுத்தால் அந்தப் பை வேண்டாம், ஓரத்தில் உருவாகும் கிழங்கெல்லாம் பச்சையாகிவிடும்.

ஒருவரே எல்லோருக்கும் சேர்த்து வாங்கிப் பிரித்துக் கொடுப்பது நல்லது. கறுப்புப் பை ஒருவருக்கும் வெள்ளைப் பை இன்னொருவருக்கும் போனால் போட்டி அங்கேயே கோணிவிட்டது. நிறம் மண்ணின் சூட்டை மாற்றும். சூட்டைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

விதைக்கிழங்கும் சீட்டுக் குலுக்கலும்

சமையலுக்கு வாங்கியதில் மிஞ்சியதை நட்டாலும் முளைக்கும்தான். ஆனால் போட்டிக்கு அது வேண்டாம். உணவுக்காக விற்பதில் முளை வராமலிருக்க மருந்து தெளித்திருக்கலாம். வைரஸ் இருந்தாலும் வெளியே தெரியாது. நோய் சோதித்துச் சான்று பெற்ற விதைக்கிழங்கு, ஒரே ரகம், ஒரே மூட்டை. சீக்கிரம் விளையும் ரகம் 70 முதல் 90 நாளில் முடியும், பிந்திய ரகம் 100 முதல் 120 நாள் அல்லது அதற்கு மேலும் கேட்கும். முதல் முறை நடத்துபவர்கள் முந்திய ரகத்தை எடுங்கள். நோய்க்கும் வெயிலுக்கும் மாட்டுவதற்குள் வேலை முடிந்துவிடும், ஆர்வமும் வடியாது.

மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தராசில் வையுங்கள். 50 முதல் 60 கிராமுக்குள் இருப்பவற்றைத் தனியே எடுங்கள். ஒரு கோழிமுட்டை அளவு. காயமோ மென்மையோ கறுப்புத் திட்டோ இருந்தால் ஒதுக்குங்கள். போட்டியாளர் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக நான்கைந்து வேண்டும், ஏன் என்று பிறகு தெரியும். ஒவ்வொரு கிழங்குக்கும் எண் போட்டு, எடையைக் குறித்து, சீட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். நாங்கள் முதல் தடவை அவரவர் விருப்பப்படி எடுக்கவிட்டோம். முதலில் வந்தவர்கள் கொழுத்ததை எடுத்துக்கொண்டார்கள், தாமதமாக வந்த இருவருக்கு முளை கிளம்பும் கண் ஒன்றே ஒன்று உள்ள கிழங்குகள்தான் மிஞ்சின. அடுத்த பருவத்திலிருந்து சீட்டுதான்.

பெரிய கிழங்கை வெட்டி நடும் வழக்கமும் உண்டு. துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கும்படி வெட்டி, வெட்டுவாய் தோல்போல இறுகும்வரை இரண்டு மூன்று நாள் வைத்திருந்து நடுவார்கள். வெட்டிய இடம் அழுகும் அபாயம் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போகலாம். அதனால் போட்டியில் முழுக்கிழங்கே இருக்கட்டும்.

முளைகட்டுதல்

உருளைக்கிழங்கு வேரல்ல, மண்ணுக்குள் பருத்த தண்டு. அதன் கண்கள் மொட்டுகள். கிழங்கை உருட்டிப் பார்த்தால் ஒரு முனையில் கண்கள் நெருக்கமாக இருக்கும். மறுமுனையில் தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த தழும்பு ஒன்று தெரியும். கண்கள் நெருங்கிய முனையை மேலே வைத்து, முட்டை அட்டையில் நிறுத்தி, நேர் வெயில் படாத வெளிச்சமான குளிர்ந்த இடத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் வையுங்கள். இருட்டில் வைத்தால் வெள்ளை வெளேரென்று நீண்ட முளை வரும், நடும்போது ஒடியும். வெளிச்சத்தில் வந்த முளை குட்டையாக, பச்சையோ ஊதாவோ கலந்து, விரலால் தொட்டால் முரட்டுத்தனமாக இருக்கும். ஒன்று முதல் இரண்டு செ.மீ. போதும்.

முளையே விடாமல் அடம்பிடிக்கும் கிழங்கு பெரும்பாலும் புதிதாகத் தோண்டியதாக இருக்கும். தோண்டிய பிறகு இரண்டு மூன்று மாதமாவது அது உறங்கும். அந்த உறக்கம் கலையாமல் நடுவதில் பயனில்லை.

நாள் குறிப்பது

இங்கே தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. கிழங்கு கட்டுவதற்கு மண்ணின் சூடு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது உகந்தது. 30 டிகிரியை நெருங்கிவிட்டால் கிழங்கு கட்டுவது ஏறக்குறைய நின்றே போகும். செடி மட்டும் தளதளவென்று நிற்கும். இலை செய்த மாவுச்சத்தைக் கிழங்குக்கு அனுப்ப இரவுக் குளிர் பெரிதும் உதவுகிறது. ஆகவே நட்டு நாற்பதாவது நாளிலிருந்து எண்பதாவது நாள்வரை இரவு குளிர்ச்சியாக இருக்கும்படி பின்னோக்கிக் கணக்கிடுங்கள். உறைபனி விழும் ஊர் என்றால் பனி ஓய்ந்து மண் 8 டிகிரிக்கு மேல் வந்த பிறகு நடவு. வெயில் ஊர் என்றால் வெயில் தணிந்து குளிர்காலம் தொடங்கும்போது நடவு.

மண்ணும் நடவும்

இரண்டு பங்கு தோட்ட மண், இரண்டு பங்கு நன்கு மட்கிய உரம், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு. இதை எல்லோருக்குமாக ஒரே குவியலாகக் கலந்து வாளியால் அளந்து பகிர்வது முதல் வருடத்துக்கு நல்லது. அடுத்த வருடம் மண்ணை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுப் பாருங்கள், அது வேறொரு போட்டி.

பச்சைச் சாணம் வேண்டாம். சுண்ணாம்பும் வேண்டாம். மரச்சாம்பலை அள்ளிக் கொட்டுவதும் வேண்டாம். உருளைக்கிழங்கு சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும். காரத்தன்மை ஏறினால் தோலில் சொறி வரும். தின்னக் கெடுதல் இல்லை, ஆனால் பார்க்க அழகில்லை. தழைச்சத்தும் (நைட்ரஜன்) அளவோடு போதும். அதிகமானால் இலை அடர்ந்து, கிழங்கு கட்டுவது தள்ளிப் போகும்.

பையின் விளிம்பைப் பாதிவரை வெளிப்பக்கம் மடித்துக்கொள்ளுங்கள். அடியில் 12 செ.மீ. உயரத்துக்கு மண். அதன் நடுவில் கிழங்கு, முளை மேல்நோக்கி. மேலே 8 செ.மீ. மண். தண்ணீர் கீழே வழியும்வரை ஊற்றிவிட்டு, முளை தலைகாட்டும்வரை ஈரம் காயாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பையில் எண்ணட்டை கட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கிய கரும்பச்சை இலைகள் மண்ணைப் பிளந்துகொண்டு வரும்.

மண் அணைத்தல்

செடி 15 முதல் 20 செ.மீ. வளர்ந்ததும் பையின் மடிப்பை அவிழ்த்து, உச்சி இலைகள் மட்டும் தெரிய மண்ணை நிரப்புங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி. பையின் விளிம்புக்கு 4 செ.மீ. கீழே வந்ததும் நிறுத்துங்கள், தண்ணீர் தேங்க இடம் வேண்டும். கிழங்குகள் நட்ட விதைக்கு மேலே, மண்ணுக்குள் புதைந்த தண்டுப் பகுதியிலிருந்து கிளைக்கும் ஓடுதண்டின் நுனியில்தான் கட்டும். அணைத்த மண் அவற்றுக்கு இருட்டையும் இடத்தையும் தருகிறது.

மண்ணை உயர்த்திக்கொண்டே போனால் அடுக்கடுக்காகக் கிழங்கு வரும் என்று பலரும் நம்புகிறார்கள். ஒரு ஆள் உயரத்துக்குக் கோபுரம் கட்டுபவர்களும் உண்டு. உழைப்புக்கு ஏற்ற பலன் அதில் வருவதில்லை. முந்திய ரகங்கள் விதைக்குச் சற்று மேலே ஒரே பட்டையில் கிழங்கு கட்டிவிட்டு நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை வாளி கொட்டினாலும் வெறும் தண்டுதான் மூடப்படும். மேலும் மேலும் இலையைப் புதைப்பது கிழங்குக்கு மாவு அனுப்பும் அடுப்பை அணைப்பதற்குச் சமம். 40 செ.மீ. பை போதும் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

தண்ணீரும் சூடும்

போட்டியில் எடை வேறுபடுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். ஏழெட்டுப் பைகளைக் கவிழ்த்துப் பார்த்தவர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

நிலத்திலுள்ள செடி ஈரத்தைத் தேடி வேரை அனுப்பும். பையிலுள்ள செடிக்கு நீங்கள் கொடுப்பதுதான். சுட்டுவிரலை இரண்டாவது கணுவரை மண்ணில் விடுங்கள். நுனியில் ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம், உலர்ந்து உதிர்ந்தால் உடனே ஊற்றுங்கள். இன்னொரு வழி, பையின் ஓரத்தைப் பிடித்து லேசாகச் சாய்ப்பது. நாலு நாள் பழகினால் எடையை வைத்தே தாகம் தெரிந்துவிடும். ஊற்றுவது காலையில், இலை நனையாமல், அடியில் கசியும்வரை. மேலாகத் தெளித்துவிட்டுப் போவதால் மேல்மண்தான் நனையும்.

நட்டு ஐந்தாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரம்வரை ஒருநாள்கூட முழுதாகக் காயவிடக் கூடாது. ஓடுதண்டின் நுனி பருக்கத் தொடங்கும் காலம் அது. அப்போது காய்ந்தால் கிழங்கின் எண்ணிக்கை குறையும், சொறியும் கூடும். காயவிட்டுப் பிறகு பதறி வாளி வாளியாக ஊற்றினால் நின்றிருந்த கிழங்கு திடீரென்று மறுபடி வளர்ந்து வெடிக்கும், அல்லது பக்கத்தில் குமிழ் குமிழாகப் புடைக்கும், நடுவில் பொந்து விழுவதும் உண்டு. எப்போதும் சேறாக இருந்தாலும் கெடுதல்தான். தோலில் வெள்ளை ரவைபோலப் புள்ளிகள் எழும்பியிருந்தால் அது மூச்சுத் திணறிய கிழங்கு.

இனி சூடு. ஒரு பருவத்தில் என்னுடைய பையையும் நண்பர் ஒருவரின் பையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தோம். என்னுடையது ஓரத்தில், மேற்கு வெயில் பக்கவாட்டில் அறையும் இடத்தில். இரண்டு செடியும் இடுப்புயரம், இரண்டும் பச்சைப் பசேலென்று. ஒருநாள் பிற்பகல் 3 மணிக்கு மண் வெப்பமானியைக் குத்திப் பார்த்தோம். அவருடைய பையில் 26 டிகிரி, என்னுடையதில் 33. இடைவெளி ஒரு முழம்கூட இல்லை. அறுவடையில் அவருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். எனக்கு ஐந்தே கிழங்கு, அதில் மூன்று கோலிக்குண்டு. இலையைப் பார்த்துத் திருப்தி அடைந்து மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் விட்டதன் விளைவு அது. அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது, செடிக்கு வெயில் வேண்டும், பைக்கு வெயில் வேண்டாம். பையைச் சுற்றி வெளிர்நிறச் சாக்கைக் கட்டுங்கள். சுடும் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள், அடியில் காற்றும் போகும், தண்ணீரும் வடியும். மேலே காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகப் போடுங்கள். செலவே இல்லாத வேலைகள் இவை.

உரம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மண்ணில் மட்கிய உரம் இருந்தால் முதல் மாதம் எதுவும் வேண்டாம். மொட்டு வரும் சமயத்தில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகுந்த திரவ உரத்தை நீர்த்துப் பதினைந்து நாளுக்கொருமுறை இரண்டு மூன்று தடவை கொடுக்கலாம். பூ வராவிட்டால் கவலை வேண்டாம், சில ரகங்கள் பூக்காமலே நன்றாகக் கிழங்கு கட்டும். பூத்துக் காய்த்தால் சின்னப் பச்சைத் தக்காளிபோல இருக்கும், நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கிள்ளி எறிந்துவிடுங்கள்.

சாட்சிப் பை

கூடுதலாக எடுத்துவைக்கச் சொன்ன விதைக்கிழங்குகள் இதற்குத்தான். போட்டியில் சேராத இரண்டு பைகளை எல்லோர் பெயரிலும் பொதுவாக நடுங்கள். மண், தண்ணீர், மூடாக்கு எல்லாம் சாதாரணமாக. முதல் பையை நாற்பத்தைந்தாவது நாள் எல்லோரும் கூடிக் கவிழ்க்க வேண்டும்.

ஒரு செடியைப் பாதியில் கொல்வதா என்று முதலில் எங்களுக்குள்ளும் தயக்கம் இருந்தது. கவிழ்த்த பிறகு யாரும் அப்படிச் சொல்லவில்லை. மண்ணை விரலால் மெல்ல உதிர்த்தோம். தண்டின் அடியிலிருந்து நூல்கண்டுபோல வேர், அதனிடையே வேரைவிடத் தடித்த, பால்வெள்ளை நிற ஓடுதண்டுகள், கிடைமட்டமாக. ஒவ்வொன்றின் நுனியும் கொக்கிபோல வளைந்திருந்தது. சிலவற்றில் அந்தக் கொக்கிக்குப் பின்னால் பட்டாணி அளவுக்குப் புடைப்பு. இரண்டில் மட்டும் கண்கள்கூடத் தெரிந்தன, தோல் அவ்வளவு மெல்லியது, நகம் பட்டாலே உரிந்தது. நட்ட விதைக்கிழங்கு நடுவில் சுருங்கிக் கிடந்தது. இந்த வாரத்தில் தண்ணீர் தவறக் கூடாது என்று நான் எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் பதியாதது, அந்தப் பட்டாணிகளைப் பார்த்ததும் பதிந்துவிட்டது. அன்று மாலை எல்லோரும் வீட்டுக்குப் போய் முதலில் செய்தது பைக்குள் விரலை விட்டுப் பார்த்ததுதான்.

இரண்டாவது சாட்சிப் பை கடைசிவரை இருக்கட்டும். தராசு நாளில் அதையும் எடை போடுங்கள். யாருடைய பை பொதுப் பையைவிடக் கீழே போனதோ, அங்கே ஏதோ தடை இருந்திருக்கிறது. மேலே போனதோ, அங்கே ஏதோ கற்றுக்கொள்ள இருக்கிறது.

ஒவ்வொருவரும் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளட்டும். முளை தெரிந்த நாள், தண்டுகளின் எண்ணிக்கை, மண் அணைத்த நாட்கள், பகல் 3 மணி மண்சூடு வாரம் ஒருமுறை, தண்ணீர் தவறிய நாட்கள். இவ்வளவு போதும். தவறியதை மறைக்காமல் எழுத வேண்டும் என்பது மட்டும் விதி.

நோய் வந்தால் ஒளிக்கக் கூடாது

அசுவினியைக் கண்டால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, அதிகமானால் சோப்புக்கரைசல். அது சாறு உறிஞ்சுவதைவிட வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோவதுதான் பெரிய தீங்கு. இலை தின்னும் வண்டையும் அதன் முட்டைகளையும் கையால் பொறுக்கிவிடலாம், ஒரு பையில் அது ஐந்து நிமிட வேலை.

பயப்பட வேண்டியது பின்பருவ இலைக்கருகல். குளிர்ந்த, ஈரமான நாட்கள் தொடர்ந்து வந்தால் இலை நுனியில் வெந்நீர் பட்டதுபோலக் கரும்பழுப்புத் திட்டு தோன்றும். காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் திட்டின் ஓரத்தில் வெண்பூஞ்சை படர்ந்திருக்கும். 1845-இல் அயர்லாந்தின் வயல்களை அழித்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேரின் சாவுக்குக் காரணமான பஞ்சத்தைத் தொடங்கிவைத்தது இதே பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ்தான். காற்றில் பறக்கும் வித்துகளால் பரவுவது. தக்காளியும் அதே குடும்பம், அதையும் தாக்கும், ஆகவே பையைத் தக்காளிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

போட்டி விதியில் இதை எழுதிவைப்பது அவசியம்: கருகலைக் கண்டவர் அன்றே மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு இலை என்றால் பறித்து உறையில் கட்டி அப்புறப்படுத்தலாம். பரவிவிட்டால் செடியை மண்மட்டத்தில் அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு வாரம் பையைத் தொடாமல் விடுங்கள். உள்ளே இருப்பது தப்பிக்க அதுதான் வழி. சொன்னவரின் பையை எடையிலிருந்து நீக்கக் கூடாது. நீக்கினால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லோருடைய செடியும் போகும்.

கடைசி இரண்டு வாரம்

நல்ல நிலையிலுள்ள செடி கடைசிக் கட்டத்தில் நாளொன்றுக்குப் பத்து கிராமுக்கு மேல்கூட எடை சேர்க்கும். ஒருவர் பத்து நாள் தள்ளி அறுத்தால் நூறு கிராமுக்கு மேல் வித்தியாசம். அறுக்கும் நாளை எல்லோருக்கும் பொதுவாக வைக்கச் சொன்னது இதனால்தான். ரகத்தின் வயதை வைத்து அந்த நாளைக் குறியுங்கள். பெரும்பாலான செடிகள் மஞ்சளாகிச் சாயத் தொடங்கியிருக்கும். தண்ணீரைக் குறைத்து, குறித்த நாளில் தண்டுகளை மண்ணுக்கு இரண்டு விரல் மேலே வெட்டி, தண்ணீரை முற்றிலும் நிறுத்துங்கள். மழை வந்தால் மூடுங்கள். இரண்டு வாரத்தில் தோல் இறுகும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் உரியாத தோலே எடுத்துவைக்கத் தாங்கும்.

தராசு நாள்

முதலில் தராசைச் சோதியுங்கள். காலி பாட்டிலை வைத்து பூஜ்யமாக்கி, அதில் ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி வைத்தால் ஒரு கிலோவை ஒட்டி வர வேண்டும். எல்லாப் பைக்கும் அந்த ஒரு தராசுதான்.

பையை அதன் சொந்தக்காரர் தூக்கிக் கவிழ்க்கட்டும், கிழங்கைப் பொறுக்குவது வேறு இருவர். கழுவக் கூடாது. ஒட்டிய ஈரம் எடையில் சேரும், கழுவிய கிழங்கு சேமிப்பிலும் கெடும். மண் காயும்வரை கால்மணி நேரம் நிழலில் விட்டு மென்மையான தூரிகையால் துடைத்தால் போதும். எடையில் சேராதவை: சுருங்கிய தாய்க்கிழங்கு, அழுகியது, பச்சை நிறம் ஏறியது, இரண்டரை செ.மீ. வளையத்தில் நழுவி விழும் பொடிக்கிழங்கு. பச்சையானதை நீக்குவதற்கு இரண்டு காரணம். வெளிச்சம் பட்டுப் பச்சையானதில் சோலனைன் என்னும் நச்சு கூடியிருக்கும், தின்னத் தகாது. மண் அணைக்கத் தவறியதன் அடையாளமும் அதுதான்.

இதெல்லாம் போக ஒரு செடியில் ஒரு கிலோ நின்றால் நல்ல விளைச்சல், ஒன்றரைக்கு மேல் போனால் கைதட்டலாம். எடையோடு பெருக்கத்தையும் சொல்லுங்கள். 56 கிராம் விதையிலிருந்து 1,344 கிராம் வந்தால் 24 மடங்கு. விதையின் எடையில் இருந்த சின்ன வேறுபாட்டையும் இந்தக் கணக்கு சரிக்கட்டிவிடும். எடை சமமானால் பெருக்கம் அதிகமுள்ளவர் முந்துவார்.

நேரமிருந்தால் ஒரு சோதனை. ஒரே கோப்பையால் 11 கோப்பை தண்ணீரும் 1 கோப்பை உப்பும் அளந்து கரைத்து, ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு கிழங்கை அதில் விடுங்கள். மாவு செறிந்தது அமிழும், தண்ணீர்ப் பிடிப்பானது மிதக்கும். உருளைக்கிழங்கின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். கடைசிவரை தண்ணீர் விட்டு எடையேற்றியவர் யார் என்று இதில் ஓரளவு தெரிந்துவிடும். இதற்கென்று தனிப் பரிசு வைப்பது என் விருப்பம்.

பிறகு நோட்டுகளைப் பிரித்து வரிசையாக வைத்து, எடை அதிகமானவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகப் படியுங்கள். இதை விட்டுவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். ஆறு தண்டு விட்டவரின் குவியலில் நிறையச் சின்னக் கிழங்குகளும், இரண்டு தண்டு விட்டவரின் குவியலில் சில பெரிய கிழங்குகளும் கண்ணெதிரே கிடக்கும்போது, அந்த வரிகளைக் கேட்பது பாடம் கேட்பதைவிட ஆழமாக இறங்கும்.

கிழங்கையும் மண்ணையும் என்ன செய்வது

காயம் பட்டதை முதலில் சமைத்துவிடுங்கள். மற்றதை இருட்டான, காற்றோட்டமான இடத்தில் பத்து நாள் பரப்பிவையுங்கள், சிறு கீறல்கள் ஆறும். பிறகு காகிதப் பையிலோ சாக்கிலோ குளிர்ந்த இருட்டில். குளிர்சாதனப் பெட்டிக்குள் வேண்டாம், 4 டிகிரிக்குக் கீழே மாவு சர்க்கரையாக மாறி, பொரித்தால் கறுக்கும்.

அதே மண்ணில் அடுத்து உருளையோ தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வைக்காதீர்கள். பீன்ஸுக்கோ கீரைக்கோ கொடுங்கள். பொடிக்கிழங்கு ஒன்றுகூட உள்ளே தங்காமல் சலித்துவிடுங்கள், தங்கினால் அது முளைத்து நோயையும் தூக்கிக்கொண்டு வரும். ஜெயித்த பையின் கிழங்கை அடுத்த பருவத்துக்கு விதையாக வைத்துக்கொள்ளலாமா என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். ஆசைதான். ஆனால் பத்துச் செடி அருகருகே வளர்ந்த இடத்தில் வைரஸ் நுழைந்திருந்தால் வெளியே தெரியாது, அடுத்த பருவத்தில் எடை சரியும்போதுதான் தெரியும். சான்று பெற்ற புதிய மூட்டையையே பிரியுங்கள். சீட்டு எழுதி வையுங்கள். மேற்கு ஓரத்தில் பை வைத்தவருக்கு இந்த முறை உள்பக்க இடத்தைக் கொடுங்கள்.